வயருக்கு அடையாளம் வை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது. தங்கச்சிக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இன்னும் ஒரு மாதத்துக்கு மாடி ஏற வேண்டாம் என்று சொல். இங்கே எல்லாரும் சுகம். பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாள். தரையை ஒட்டி இருக்கிற ப்ளக் பாயின்ட் எல்லாவற்றுக்கும் மூடி வாங்கிப் போட்டுவிட்டேன்.

அப்பா கட்டிய வீட்டில் சுவரில் காடி வெட்டி பைப் பதித்தாயிற்று, அடுத்த வாரம் வயர் இழுக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். அந்த வீட்டின் பழைய வயரிங் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தேக்குப் பட்டையில் கிளிப் அடித்து வரிசையாக ஓடும். ரேழியில் இருந்த ஜங்ஷன் பாக்ஸை நாம் ஐ.டி.ஐ. லீவில் திறந்து பார்த்தோமே, உள்ளே எல்லா வயரும் ஒரே சாம்பல் நிறம். எது கரன்ட் வரும் பேஸ், எது அது திரும்பிப் போகும் நியூட்ரல் என்று உன் அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். அவர் போன பிறகு யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. இந்தப் புது வயரிங்கில் அது நடக்கக்கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எந்த வயர் வாங்கலாம் என்று கேட்டாய். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள நல்ல வயராக எதையும் வாங்கு. லைட்டுக்கும் ஃபேனுக்கும் 1.5, ப்ளக்குக்கு 2.5, ஏ.சி.க்கும் கீசருக்கும் 4 ஸ்கொயர் எம்.எம். ஆனால் எல்லா நிறத்திலும் காயில் வாங்கிவிடு. பாதியில் சிவப்பு தீர்ந்துபோனால், மிச்சம் கிடக்கும் கறுப்பை இழுத்து வேலையை முடித்துவிடுவார்கள். ஒரு காயில் 90 மீட்டர், மிஞ்சினால் கடையில் திருப்பிக் கொடுத்துக்கொள்ளலாம். உனக்கு மூன்று பேஸ் சர்வீஸ், அதாவது மூன்று தனி லைனில் கரன்ட் வருகிறது என்பதால் கீழ்வீட்டுக்குச் சிவப்பு, மாடிக்கு மஞ்சள், மோட்டாருக்கும் பின்கட்டுக்கும் நீலம் என்று பிரித்துக்கொள். நியூட்ரல் கறுப்பு. கசியும் கரன்ட்டை மண்ணுக்கு இறக்கும் எர்த் பச்சை, இல்லாவிட்டால் பச்சையில் மஞ்சள் கோடு. ஒரே பாக்ஸில் சிவப்பும் மஞ்சளும் சந்தித்தால் அவற்றுக்கு நடுவே சுமார் 400 வோல்ட் இருக்கும். மஞ்சளை நியூட்ரல் என்று நினைத்து ஒருவன் டி.வி. பாயின்டைக் கொடுத்தால் டி.வி. அங்கேயே கருகிவிடும்.

போன மாதம் என் மச்சான் வீட்டில் நடந்ததைக் கேள். ஹால் ஸ்விட்ச் போர்டை மாற்ற ஒரு பையன் வந்தான். கவனமில்லாதவன் என்று சொல்ல முடியாது. மெயினை இறக்கினான், அதே போர்டில் இருந்த ப்ளக்கில் டெஸ்டர் வைத்துப் பார்த்தான், எரியவில்லை. சரி என்று போர்டைக் கழற்றி உள்ளே இருந்த சிவப்பு வயரைப் பிடித்தான். ப்ளக்குக்கு வருவது மெயின் லைன், ட்யூப்லைட்டுக்கு வருவது இன்வெர்ட்டர் லைன். இரண்டும் ஒரே சிவப்பு, ஒரே பாக்ஸுக்குள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. மெயினை இறக்கியதும் இன்வெர்ட்டர் தன் வேலையை ஆரம்பித்துவிட்டது. தூக்கியடித்ததில் அவன் முழங்கை ஜன்னல் கம்பியில் மோதித் தோல் கிழிந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் போனபோது தண்ணீர் டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கிக்கொண்டிருந்தான். இருபது வயசுகூட இருக்காது. இரண்டு நாள் எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அந்த சிவப்பு வயரில் ஒரு விரற்கடை வெள்ளை டேப் சுற்றியிருந்தால் அவன் நின்று யோசித்திருப்பான். மறுநாளே போய் வீடு முழுக்க ஒவ்வொரு போர்டாகத் திறந்தேன். இன்வெர்ட்டரிலிருந்து வரும் ஒவ்வொரு வயருக்கும் வெள்ளை டேப் சுற்றி, அதன்மேல் மார்க்கரில் ‘இன்’ என்று எழுதினேன். இன்வெர்ட்டர் நியூட்ரலுக்கும் அப்படியே. கரன்ட்டை ஒவ்வொரு அறைக்கும் பிரித்து அனுப்பும் டி.பி. பாக்ஸ் மூடியில் ‘இந்த வீட்டுக்கு இரண்டு இடத்திலிருந்து கரன்ட் வருகிறது, இன்வெர்ட்டரையும் நிறுத்து’ என்று பெரிய எழுத்தில் ஒட்டினேன். நீ பின்னால் கூரையில் சோலார் போட்டால் மூன்றாவதாக அதையும் சேர்த்து எழுத வேண்டும்.

உன் வீட்டு ஆட்களிடம் சொல்ல வேண்டியது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஸ்விட்சிலிருந்து லைட்டுக்குப் போகிற ரிட்டர்ன் வயரில்தான் அதிகக் குழப்பம் வரும். கையில் கிடைத்த நிறத்தைப் போட்டுவிடுவார்கள். கறுப்பில் ரிட்டர்ன் இழுத்திருந்தால், லைட் முனையில் பார்க்கிறவன் அதை நியூட்ரல் என்று நம்பிவிடுவான். அதனால் ரிட்டர்ன் வயருக்கும் பேஸ் நிறத்தையே கொடுக்கச் சொல். கறுப்பில் ஏற்கனவே இழுத்துவிட்டார்கள் என்றால் இரண்டு முனையிலும் சிவப்பு டேப் வேண்டும். ஒரு முனையில் மட்டும் சுற்றினால் சுற்றாத மாதிரிதான். மாடிப்படி லைட்டை மேலிருந்தும் கீழிருந்தும் போடுகிற டூ-வே ஸ்விட்சுகளுக்கு நடுவில் ஓடும் இரண்டு வயரும் அப்படித்தான், ஏதாவது ஒன்றில் எப்போதும் கரன்ட் இருக்கும். ஆனால் பச்சை வயரில் மட்டும் எந்த டேப்பும் சுற்றி வேறு வேலைக்கு எடுக்க விடாதே. டேப் கழன்று விழுந்த அன்றைக்கு எர்த் என்று நம்பித் தொடுவான் ஒருவன். பச்சை எர்த்துக்கே இருக்கட்டும்.

டேப் சுற்றுவதிலும் ஒரு பழக்கம் வேண்டும். வயரில் இருக்கும் சுண்ணாம்புத் தூசியைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் சுற்ற வேண்டும். முதல் இரண்டு சுற்று இழுத்துச் சுற்றி, கடைசிச் சுற்றை இழுக்காமல் மெல்லப் படியவைக்க வேண்டும். இழுத்து முடித்தால் ஆறு மாதத்தில் நுனி பிரிந்து நிற்கும். நம் ஊர் வெயிலில் பசை இளகி டேப் வழுக்கிக்கொண்டு போவதும் உண்டு. டி.பி. பாக்ஸுக்குள் நான் டேப்பை மட்டும் நம்புவதில்லை, கூடவே வயரைச் சுற்றி இறுக்கும் ஒரு சின்ன நைலான் பட்டை, அதாவது டையும் போடுகிறேன். வயரின் தோல் அமுங்குகிற அளவுக்கு இறுக்கக்கூடாது. டையின் மிஞ்சிய வாலை ஒட்ட நறுக்க வேண்டும், இல்லாவிட்டால் கையைக் கீறிவிடும். மொட்டைமாடியில் தொட்டி மோட்டாருக்குப் போகும் வயருக்குக் கறுப்பு டை போடு. வெள்ளை டை வெயிலில் காய்ந்து முறுகி, தொட்டால் ஒடியும்.

டை என்றதும் மில் ஞாபகம் வந்துவிட்டது. உள்ளே சுற்றியிருக்கும் கம்பி எரிந்து மோட்டாரைக் கழற்றும்போது, நட்டைத் தொடுவதற்கு முன்னால் மூன்று கேபிளுக்கும் அடையாளம் வைக்க வேண்டும் என்பது எங்கள் மேஸ்திரி சட்டம். இரண்டு பேஸ் இடம் மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். அவர் நிறத்தோடு நிற்க மாட்டார். சிவப்புக்கு ஒரு டை, மஞ்சளுக்கு இரண்டு, நீலத்துக்கு மூன்று. ஏன் என்று எனக்கு முதலில் புரியவில்லை. எங்கள் ஷிஃப்ட்டில் வேலை பழகிய ஒரு பையனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று போலவே தெரியும் என்பதும், அவன் வேலை போய்விடுமோ என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை என்பதும் பிற்பாடுதான் தெரிந்தது. மேஸ்திரி முதல் வாரமே கண்டுபிடித்திருக்கிறார். அவனை ஒரு வார்த்தை கேட்காமல், எல்லாருக்கும் சேர்த்து அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்துவிட்டார். நைட் ஷிஃப்ட்டில் டார்ச் இல்லாதபோது விரலால் தடவியே அது எந்தக் கேபிள் என்று சொல்லிவிடுவோம். உன் டி.பி. பாக்ஸுக்கு வரும் மூன்று பேஸ் வயருக்கும் அப்படியே போடு.

சின்னவன் சிங்கப்பூருக்கு எலக்ட்ரிக்கல் வேலைக்குப் போகிறான் என்று எழுதியிருக்கிறாய், ரொம்ப சந்தோஷம். அவனிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல். அங்கே 2009-இல் நிறத்தை மாற்றிவிட்டார்கள். பேஸ் பழுப்பு, கறுப்பு, சாம்பல், நியூட்ரல் நீலம். நமக்கு நியூட்ரலாக இருக்கும் கறுப்பு அங்கே பேஸ், நமக்குப் பேஸாக இருக்கும் நீலம் அங்கே நியூட்ரல். பழைய கட்டடங்களில் நம்முடைய நிறமே இன்னும் இருக்கும். பழசோடு புதுசை இணைத்த இடத்தில் இரண்டும் ஒரே பாக்ஸில் கிடக்கும். இங்கே பழகிய கை அங்கே தானாகவே கறுப்பைத் தொடப் போகும். என்ன நிறமாக இருந்தாலும், எவன் என்ன டேப் சுற்றியிருந்தாலும், மீட்டர் வைத்து வோல்ட் இருக்கிறதா என்று பார்த்த பிறகே தொட வேண்டும். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே, பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே என்று இரண்டு தடவை. அதற்கு முன்னால், கரன்ட் இருக்கிற இடத்தில் வைத்து மீட்டர் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கிளம்புவதற்குள் ஒரு நாள் என்னிடம் அனுப்பு, உட்கார்ந்து பேசலாம்.

வயர் இழுத்து முடிந்ததும் சுவர் பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுத்து வை. டி.பி. பாக்ஸ் மூடியை மட்டும் நான் வரும் வரை போட வேண்டாம். பதினாலாம் தேதி காலை ரயிலில் வருகிறேன். ஆறு நிற டேப்பும், ஒரு பாக்கெட் டையும், என் மீட்டரும் பையில் இருக்கும். தங்கச்சியிடம் மத்தியானம் வத்தக்குழம்பு என்று சொல்லிவை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்