விடியற்காலைத் திருநாள்களுக்கு ஒரு நன்றி மடல்

24 நவம்பர் 2025

அன்பார்ந்த பங்கு மக்களுக்கும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களுக்கும்,

நேற்றோடு கிறிஸ்து அரசர் பெருவிழா முடிந்தது. வருகிற ஞாயிறு, 30ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலம் தொடங்குகிறது. அன்றைக்குத் திருவழிபாட்டுக் குழுச் செயலாளர் பொறுப்பையும், அதோடு ஒட்டிக்கொண்டு வந்த சிவப்பு அட்டை நோட்டையும் அடுத்தவர் கையில் கொடுத்துவிடுவேன். கொடுப்பதற்கு முன் தீர்க்க வேண்டிய கடன் ஒன்று இருக்கிறது.

ஜூன் மாத அந்தோனியார் திருவிழாவுக்கு நன்றி சொல்லியாயிற்று. கொடிமரத்துக்குக் கயிறு வாங்கிக் கொடுத்தவர் முதல் சப்பரம் தூக்கியவர்கள் வரை எல்லாருக்கும் மேடையில் பொன்னாடை போட்டோம். காலை ஐந்தரை மணித் திருப்பலிக்கு யார் பொன்னாடை போடுவார்கள்? அங்கே மைக்செட் கிடையாது, வாணவேடிக்கை கிடையாது. முப்பது பேர் வந்தால் கூட்டம். ஆனால் புனிதர்களில் பெரும்பாலோர் நம் ஊருக்கு வந்து போவது அந்த நேரத்தில்தான். இந்த மடல் அந்த நேரத்துக்கு விழித்திருந்தவர்களுக்கு. பெயர் எதையும் எழுதவில்லை. எழுதினால் விட்டுப்போன பெயருக்கு அடுத்த ஐந்து வருடம் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

முதல் நன்றி, மேலத்தெரு அன்பியத்துப் (தெருவாரியான ஜெபக் குழு) பெண்களுக்கு. பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே நான் சறுக்கினேன். டிசம்பர் 8 அமலோற்பவ அன்னை பெருவிழா என்பது சின்ன வயதிலிருந்து மனப்பாடம். அதனால் திருவழிபாட்டு நாள்காட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சென்ற ஆண்டு அந்த 8ஆம் தேதி திருவருகைக் காலத்தின் இரண்டாம் ஞாயிறாக வந்தது. அந்த ஞாயிற்றுக்கு முன்னால் மாதாவின் பெருவிழாவே ஒதுங்கி, மறுநாள் திங்கட்கிழமைக்குப் போய்விடும். இது தெரியாமல் நான் சொன்ன சொல்லை நம்பி, நீலக்கரைச் சேலையும் ஆளுயர மாலையுமாக அவர்கள் ஞாயிறு காலை வந்து நின்றார்கள். பங்குத்தந்தை திருவருகைக் காலத்துக்குரிய ஊதாத் திருவுடையில் பீடத்துக்கு வந்தார். நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றிய எனக்கு அன்று பெஞ்சு மேல் ஏறி நிற்பதுபோல் இருந்தது. ஒருவர்கூட என்னை ஒரு சொல் சொல்லவில்லை. மாலையை ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்து, திங்கட்கிழமை விடியற்காலை அதே சேலையில் மறுபடி வந்தார்கள். அந்த நோட்டு அன்று வாங்கியதுதான்.

இரண்டாவது, பீடத்தையும் திருவுடைகளையும் கவனித்துக்கொள்ளும் எங்கள் கோவில்பிள்ளை அண்ணனுக்கு. கிறிஸ்துமஸ் மறுநாள் ஊரே அசந்து தூங்கும். அவருக்கு மட்டும் அப்போதுதான் வேலை. திருநாளுக்குத் திருநாள் நிறம் மாறும். 25ஆம் தேதி வெள்ளை. 26 புனித ஸ்தேவான், விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த மறைச்சாட்சி, எனவே சிவப்பு. 27 திருத்தூதர் யோவான். திருத்தூதர்கள் திருநாளென்றால் சிவப்புதானே என்று நான் நோட்டில் சிவப்பு என்று எழுதிவிட்டேன். யோவான் மறைச்சாட்சியாகக் கொல்லப்படவில்லை, ஆகவே அவருக்கு வெள்ளை. 28 மாசில்லாக் குழந்தைகள், மறுபடி சிவப்பு. 29 ஞாயிறு திருக்குடும்பம், மறுபடி வெள்ளை. ஐந்து நாளில் நான்கு தடவை பீடவிரிப்பு, திருவுடை, நற்கருணைப் பேழைத் திரை எல்லாம் மாற வேண்டும். 27ஆம் தேதி திருவுடைகள் வைக்கும் சக்கிறிஸ்து அறைக்குள் போனால் வெள்ளை உடுப்பு இஸ்திரி போட்டு மேசையில் விரிந்து கிடக்கிறது. “டீச்சர் எழுதினது சிவப்பு. நாலு மணிக்கு எழும்பி யோசிச்சேன், யோவானுக்கு வெள்ளைதானே” என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசியதில்லை. நானாகச் சொன்னால் ஒழிய உங்களுக்கும் தெரிந்திருக்காது.

ஏப்ரல் 21 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் இறந்த செய்தி வந்ததும், மறுநாள் திருப்பலி நூலில் நற்கருணை மன்றாட்டுப் பக்கத்தில் திருத்தந்தையின் பெயர் வரும் இடத்தில் சின்னத் துண்டுத்தாள் ஒன்றை அடையாளமாகச் செருகி வைத்தவரும் அவர்தான். பீடத்தில் நிற்கிறவருக்குப் பழக்கத்தில் வாய் தவறிவிடக் கூடாதே என்று. அந்தத் தாள் மே 8 வரை அங்கேயே இருந்தது. 9ஆம் தேதி காலை அதில் ‘லியோ’ என்று பென்சிலால் எழுதியிருந்தது.

அடுத்து, கரும்பலகைப் பிள்ளைகள். கோவில் வாசலில் ஒரு பலகையை மாட்டி அன்றன்றைய புனிதரைப் பற்றி மூன்று வரி எழுதச் சொன்னது மட்டுமே என் பங்கு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர் மாறி மாறி எழுதினார்கள். ஜனவரி 14 அன்று தைப்பொங்கலும் புனித தேவசகாயமும் ஒரே நாளில் வந்தன. கோவில் முற்றத்தில் பானைகள் பொங்க, பலகையில் கரும்புப் படத்துக்கு நடுவே இப்படி இருந்தது: ‘1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். 1752 ஜனவரி 14 காற்றாடிமலையில் சுடப்பட்டார். 2022 மே 15 புனிதர் பட்டம்.’ அதன் கீழே இன்னொரு கையெழுத்தில், ‘வடக்கன்குளம் நம்ம ஊரிலிருந்து ஒரே பஸ்.’ புனிதர் என்றால் ரோமாபுரியில் பிறக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த பையன் ஒருவன் அதைப் படித்துவிட்டு, அப்படியானால் அவருக்கு நம் மொழி தெரியுமா என்று கேட்டான். தெரியும் என்றேன்.

பிப்ரவரி 3, புனித பிளாசியு. முந்தின நாள் மந்திரித்த மெழுகுவர்த்திகளில் இரண்டைச் சிலுவைபோல் சேர்த்துத் தொண்டையில் வைத்து ஆசீர்வதிக்கும் நாள். பலகையில் மீன் முள் படம் வரைந்து, ‘தொண்டை வலி உள்ளவர்கள் வரவும்’ என்று எழுதிவிட்டார்கள். வழக்கமான முப்பது பேர் அன்று நூற்றுக்கு மேல். டீக்கடை அண்ணாச்சி கோவிலுக்குள் வந்தது அன்றுதான் முதல் தடவை. அவர் நெற்றியில் திருநீறு, தொண்டையில் மெழுகுவர்த்தி. இருமல் நின்றதா என்று பிறகு கேட்டேன். “கொஞ்சம் தேவலை, மாத்திரையும் போட்டேன்” என்றார்.

ஆகஸ்ட் 10 புனித லாரன்ஸ். இந்த ஆண்டு அது ஞாயிற்றுக்கிழமை, ஞாயிறு அவரை விழுங்கிவிட்டது. இந்தப் பெயர் வைத்த நான்கு பேருக்கு முகம் தொங்கிப்போனது. ‘திருப்பலியில் இல்லை, பலகையில் உண்டு’ என்று தலைப்புப் போட்டு, அவரை வாட்டிய இரும்புக் கட்டிலை அச்சமூட்டும் அளவுக்குத் தத்ரூபமாக வரைந்திருந்தார்கள் பிள்ளைகள்.

இனி கெபித் தெருப் பாட்டிக்கு. வாரநாள்களில் பாடகர் குழு வராது. பதிலுரைப் பாடலுக்குக் குரல் வேண்டுமே என்று நான் விழித்துக்கொண்டிருக்கும்போது, தூணோரம் இருந்து அவர் எடுத்துக்கொடுப்பார். அவருக்குப் புத்தகம் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம். ஆனால் அவருடைய புனிதர்களும் என் நோட்டில் இருக்கும் புனிதர்களும் வேறு வேறு ஆட்கள். நான் யோசேப்பு என்பேன், அவர் சூசையப்பர் என்பார். நான் பேதுரு பவுல் என்றால் அவருக்கு இராயப்பர் சின்னப்பர். ‘புனித’ என்ற சொல்லே அவருக்குப் புதுசு. ‘அர்ச்சியசிஷ்ட’ என்று வாய் நிறையச் சொன்னால்தான் மரியாதை. புதிய திருத்தந்தையின் பெயர் லியோ என்று சொன்னபோது ஒரு நொடி யோசித்து, “சிங்கராயர் என்று தமிழில் சொல்லேன்” என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை. எங்கள் தெருவிலேயே இரண்டு சிங்கராயர் இருந்தும்! பழைய பெயர்களை மாற்றியது சரியா தவறா என்று நான் வழக்காட வரவில்லை. ஆனால் நவம்பர் முதல் தேதி, புனிதர்களைப் பெயர் சொல்லி அழைக்கும் மன்றாட்டுமாலையை அவர் பழைய பெயர்களில் சொல்லி முடித்தபோது, இறந்துபோன என் அம்மாவின் குரலைப் பக்கத்தில் கேட்டதுபோல் இருந்தது. அந்தப் பட்டியலை ஆறு பிள்ளைகளும் பாட்டியிடம் கேட்டு எழுதி வாங்கியிருக்கிறார்கள். அதற்கும் நன்றி.

பெரிய திருவிழாவைப் பற்றி எழுதமாட்டேன் என்றுதான் உட்கார்ந்தேன். ஊருக்கே போடும் திருநாள் விருந்தான அசனத்தை விட முடியவில்லை. இந்த ஆண்டு அந்தோனியார் திருநாள், ஜூன் 13, வெள்ளிக்கிழமை. அசனம் என்றால் ஆட்டுக்கறி, வெள்ளிக்கிழமை என்றால் கறி கிடையாது. கொடியேறிய ஜூன் முதல் தேதியிலிருந்தே பங்குப் பேரவையில் இரண்டு கட்சி. சனிக்கிழமைக்குத் தள்ளலாம் என்றது ஒன்று. திருநாள் சோறு மறுநாள் ஆறிப்போகும் என்றது இன்னொன்று. பங்குத்தந்தை திருச்சபைச் சட்டத்தைக் கொண்டுவந்து 1251ஆம் எண்ணைப் படித்துக் காட்டினார்: வெள்ளிக்கிழமையில் பெருவிழா வந்தால் புலால் விலக்க வேண்டிய கடமை இல்லை. உலகத் திருச்சபைக்கு அந்தோனியார் திருநாள் வெறும் நினைவுதான். அவர் பெயர் தாங்கிய கோவிலுக்கு மட்டும் அது பெருவிழா. ஆக, பக்கத்துப் பங்கில் அன்று கறி கூடாது, நம் பந்தலில் கூடும். இந்த நுணுக்கத்தை அடுத்த ஊர்க்காரர்கள் எப்படியோ கேள்விப்பட்டு, பந்திக்குக் கொஞ்சம் அதிகமாகவே வந்தார்கள்.

அப்படியும் மனம் ஒப்பாத பெரியவர்கள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு, யாரும் கேட்காமலே தனியாகச் சாம்பாரும் கத்தரிக்காய்க் கூட்டும் வைத்த சமையல்காரர் தவசிப்பிள்ளைக்கு என் தனி வணக்கம். சட்டம் விட்டுக்கொடுத்தது, வழக்கம் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் இரண்டுக்கும் இலை போட்டார். நான் எந்தப் பக்கம் என்று கேட்பவர்களுக்கு: 1231ஆம் ஆண்டு ஜூன் 13, அந்தோனியார் இறந்த நாளும் ஒரு வெள்ளிக்கிழமைதான். நான் கறி சாப்பிட்டேன். பெரிய அண்டாக்கள் மூன்றையும் அம்மன் கோவில் கொடைக் கமிட்டியார் கொடுத்தார்கள். வாடகை வாங்கவில்லை. அவர்கள் கொடைக்கு நம் ஜெனரேட்டர் போகும், அது பல வருடத்து வழக்கம்.

செவ்வாய்தோறும் ரொட்டியும் உப்பு மிளகும் பிரித்துக் கொடுக்கும் மரியாயின் சேனைக்காரர்களுக்கு நன்றி. பனிமழை பாராமல் பீடத்துக்குப் பூ கட்டிய சகோதரிகளுக்கும் நன்றி. ஆண்டில் இரண்டே ஞாயிறு உடுத்தும் இளஞ்சிவப்புத் திருவுடை நம்மிடம் இல்லை என்று நான் புலம்பியதைக் கேட்டு, கூலி வாங்காமல் தைத்துக் கொடுத்த தையற்கடை அக்காவுக்கும். அதைப் போட்டுக்கொண்டு வந்த தந்தை, “இது ரோஜா நிறம், யாரும் சிரிக்கக் கூடாது” என்று சொன்னதால் எல்லாரும் சிரித்தோம். தவக்காலத்தில் வழக்கமாகப் பாடாத வானவர் கீதத்தை மார்ச் 19 சூசையப்பருக்குப் பாட வேண்டும் என்பதற்காகவே பரீட்சைக் காலத்தில் ஐந்தரை மணிக்கு வந்த பாடகர் குழுப் பெண்களுக்கு மதிப்பெண் நன்றாக வந்திருக்கிறது என்று கேள்வி.

கடைசியாக நவம்பர் 2. இந்த ஆண்டு கல்லறைத் திருநாள் ஞாயிற்றுக்கிழமையே வந்தது. லாரன்ஸை விழுங்கிய ஞாயிறு அன்றைக்கு இறந்தோருக்கு வழிவிட்டது. பிழைப்புக்கு வெளியூர் போனவர்களும் அதனால் வந்து சேர்ந்தார்கள். ஒரு வாரம் முன்னதாகவே இளைஞர்கள் முள் வெட்டி, சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார்கள். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். வடக்கு மூலையில் யாருமே வராத கல்லறைகள் பதினொன்று இருக்கின்றன. பெயர்கூட அழிந்துபோனவை. மந்திரிப்புக்குத் தந்தை அந்தப் பக்கம் திரும்பும்போது பதினொன்றிலும் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது, சாமந்திப்பூ கிடந்தது. யார் செய்தது என்று விசாரித்தேன். தெரிந்துகொண்டேன். சொல்லக் கூடாது என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை.

பங்குத்தந்தைக்கு நன்றி. நான் எழுதிக் கொடுத்த நீளமான முன்னுரைகளை முகம் சுளிக்காமல் கேட்டதற்கும், மூன்று வரிக்கு மேல் எழுதாதீர்கள் என்று ஒரே ஒருமுறை சொன்னதற்கும். ஓராண்டாக நான்கு மணி அலாரத்தைச் சகித்த என் வீட்டுக்காரருக்கும்.

இரண்டு சில்லறைக் காரியங்கள். கல்லறைத் திருநாளுக்கு இரவல் வாங்கிய அரிக்கேன் விளக்குகள் இரண்டு இன்னும் என் வீட்டுத் திண்ணையில் இருக்கின்றன, உரியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளவும். டிசம்பர் 3 புதன்கிழமை, புனித பிரான்சிஸ் சவேரியார். காலை ஐந்தரைக்கு முதல் வாசகம் வாசிக்க இன்னும் ஆள் கிடைக்கவில்லை. விருப்பமுள்ளவர்கள் கோவில்பிள்ளை அண்ணனிடம் சொல்லிவிடுங்கள். வெள்ளை உடுப்புதான், அவர் எடுத்து வைத்துவிட்டார்.

மரியே வாழ்க!

இப்படிக்கு,
பொறுப்பிலிருந்து விலகும் திருவழிபாட்டுக் குழுச் செயலாளர்