பூட்டிய வீட்டின் கொமட்டும் மொட்டைமாடித் தாங்கியும்: வெள்ளவத்தைத் தொடர்மாடிகளுக்கு ஒரு திறந்த மடல்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டித் தொடர்மாடிகளின் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும், வீட்டைப் பூட்டிவிட்டு வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கும்,

வணக்கம்.

கட்டடத்தில் ஒருவருக்கு டெங்கு என்று தெரிந்ததும் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு பேச்சு கிளம்பும். "கால்வாய் நாறுது, மாநகர சபை என்ன செய்யுது?" என்பது ஒன்று. "உடனே புகை அடிக்கச் சொல்லுங்கோ" என்பது மற்றது. இரண்டாலும் காரியம் ஆகாது. கால்வாயின் அழுக்குத் தண்ணீரில் பெருகுவது பெரும்பாலும் இரவில் கடிக்கும் கியூலெக்ஸ் என்ற நுளம்பு. டெங்கைப் பரப்பும் ஈடிஸ் பகலில் கடிக்கும். காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும் கூடுதலாகக் கடிக்கும். முட்டையிட அது தேடுவது வீட்டுக்குள்ளும் கூரையிலும் தேங்கிய ஓரளவு தெளிந்த தண்ணீரை. பிறந்த இடத்திலிருந்து அது வெகுதூரம் பறப்பதும் இல்லை. உங்கள் ஏழாம் மாடியில் கடித்த நுளம்பு அநேகமாக உங்கள் கட்டடத்திலோ பக்கத்துக் கட்டடத்திலோ பிறந்ததுதான். புகையோ அந்த நேரம் பறக்கும் நுளம்பை மட்டும் கொல்லும். தண்ணீருக்குள் இருக்கும் குடம்பிக்கு, அதாவது நுளம்பின் புழுவுக்கு, ஒன்றும் ஆகாது. சில நாளில் அடுத்த கூட்டம் வெளியே வரும்.

நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்தது பூட்டிய வீடுகளைப் பற்றி. கனடாவிலோ லண்டனிலோ இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு மாதம் வந்து தங்கும் வீடுகள் இந்தப் பகுதியில் ஏராளம். சொந்தக்காரரின் உறவினர் மாதம் ஒருமுறை வந்து யன்னலைத் திறந்து, மணம் வராமல் இருக்க கொமட்டை ஒருதரம் ஃபிளஷ் பண்ணிவிட்டுப் போவார். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார். ஆனால் ஈடிஸ் முட்டையிடுவது தண்ணீர் விளிம்புக்குச் சற்று மேலே, ஈரச் சுவரில் ஒட்டினாற்போல். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்தபடி உயிரோடு கிடக்கும். தண்ணீர் மீண்டும் தொட்டதும் பொரிக்கும். பொரித்ததிலிருந்து நுளம்பாகிப் பறக்க எங்கள் வெப்பத்தில் ஏழிலிருந்து பத்து நாள் போதும். மாதாந்த ஃபிளஷ் அந்த முட்டைகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோலத்தான். குளியலறைக் காற்றோட்டத் துவாரம் வழியே நுளம்பு தாராளமாக வெளியே போய்விடும்.

ஆகவே வீட்டைப் பூட்டிப் போகிறவர்கள் இந்த ஒழுங்கில் செய்யுங்கள். முதலில் வீட்டுக்குள் தண்ணீர் வரும் வால்வை மூடுங்கள். பிறகு சிஸ்டனை, அதாவது கொமட்டின் ஃபிளஷ் தண்ணீர்த் தொட்டியை, ஃபிளஷ் செய்து வெறுமையாக்கி, உள்சுவரைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். கொமட்டின் வளைவில் எப்படியும் தண்ணீர் நிற்கும். அதில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் எண்ணெய் விட்டு, வாயைப் பொலித்தீனால் மூடி சுற்றிவர டேப் ஒட்டுங்கள். எண்ணெய்ப் படலம் குடம்பியை மூச்செடுக்க விடாது, தண்ணீர் ஆவியாவதையும் குறைக்கும். சாக்கடை மணமும் மேலே வராது. குளியலறைத் தரை வடிகாலுக்கும் இதே வைத்தியம். பிரிஜ்ஜை நிறுத்தினால் பின்பக்கம் அடியில் இருக்கும் தட்டை மறக்கவேண்டாம். பனி உருகி அங்கேதான் சேரும். ஏசிக் குழாயின் கீழ் வைத்த வாளியைக் கவிழ்த்து வையுங்கள். பல்கனியில் துளசிச் சாடியின் அடித்தட்டையும் எடுத்துவிடுங்கள்.

தண்ணீரை ஊற்றிவிட்டால் போதும் என்று நினைப்பதுதான் பெரும் பிழை. ஒட்டிய முட்டை ஊற்றும்போது போகாது. பிரஷ்ஷால் உள்சுவரைத் தேய்க்க வேண்டும். தண்ணீரை வடிகாலில் அல்ல, வெயில்படும் காய்ந்த தரையில் ஊற்ற வேண்டும்.

இனி நிர்வாகக் குழுவின் பங்கு. வாரத்துக்கு ஒருநாள் என்று குறித்துக்கொள்ளுங்கள், தவறவிடாதீர்கள். ஏழு நாள் கணக்கு அதற்காகத்தான். பதினைந்து நாளுக்கு ஒருதரம் பார்த்தால் ஒரு தலைமுறை நுளம்பு பறந்திருக்கும். மொட்டைமாடியில் தாங்கி மூடி பொருந்தி இருக்கிறதா, வழிகிற குழாய் வாயில் நுண்ணிய வலை கட்டியிருக்கிறதா, மிதவை வால்வு சொட்டி அடியில் குட்டை கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சிலாப்பில் மழைத் தண்ணீர் மூன்று நாளுக்கு மேல் நின்றால் வடிகால் வாயை இலையோ புறாக் கூடோ அடைத்திருக்கும். பீலிக்குள் கை விட்டுப் பார்க்காமல் "சுத்தம்" என்று எழுத வேண்டாம். லிஃப்ட் குழிதான் யாரும் பார்க்காத இடம்: நிலத்தடி நீர் கசிந்து நிற்கும், இருட்டு, காற்று அசையாது. லிஃப்டைப் பராமரிக்க வருபவர் இருக்கும்போது மட்டும் திறந்து பார்த்து, தண்ணீர் இருந்தால் பம்ப் பண்ணுங்கள்.

டோர்ச் அவசியம். வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்து, கையால் நிழல் விழுத்துங்கள். குடம்பி இருந்தால் துடித்து நெளிந்து அடிக்கு இறங்கும்; ஒன்றிரண்டு நிமிடம் அசையாமல் நின்றால், மூச்செடுக்க மேலே வந்து தலைகீழாகத் தொங்கும். அவசரமாக எட்டிப் பார்த்துவிட்டு நகர்பவர் கண்ணில் படாது. வற்றவைக்க முடியாத, குடிக்கப் பயன்படாத தண்ணீருக்கு பி.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) குடம்பியைக் கொல்லும் டெமெபொஸ் மருந்து மணிகள் கேளுங்கள். 1 சதவீத மணி என்றால் 100 லீற்றருக்கு 10 கிராம். குடிதண்ணீர்த் தாங்கியில் பி.எச்.ஐ. சொல்லாமல் எதையும் போடாதீர்கள்.

சொந்தக்காரர்களே, 2007 இன் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் இந்தக் கடமையை உரிமையாளர் அல்லது குடியிருப்பவர் மேல் வைக்கிறது. நீங்கள் நாட்டில் இல்லாதது அதற்கு விலக்கு அல்ல. ஒரு திறப்பை முத்திரையிட்ட உறையில் குழுவிடம் கொடுங்கள். உறையைத் திறந்த நாள், போன இரண்டு பேரின் பெயர், எடுத்த படம் எல்லாம் உங்களுக்கு அனுப்பப்பட வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். திருட்டுப் பயம் நியாயமானது, அதற்கு இது போதிய ஏற்பாடு. குழுக்களும் திறப்பைக் காவலாளியின் மேசை லாச்சியில் போட்டுவைக்காதீர்கள்.

காய்ச்சலை மறைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. பெயர் சொல்லவேண்டாம், மாடி எண் மட்டும் குழுவுக்குத் தெரிந்தால் அன்றே அந்தத் தளத்தில் தேடலாம். நோயாளி காய்ச்சல் நாட்களில் பகலிலும் வலைக்குள் இருக்க வேண்டும்; அவரைக் கடித்த நுளம்பு ஏறத்தாழ எட்டிலிருந்து பன்னிரண்டு நாளில் மற்றவருக்கு நோயைக் கொடுக்கத் தொடங்கும். அஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனக் வேண்டாம். காய்ச்சல் இறங்கும் நாள்தான் மிக ஆபத்தான நாள். அன்று வயிற்றுவலியோ ஓயாத வாந்தியோ இருந்தால் இரத்த அறிக்கைக்குக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

2017 இல் இலங்கை முழுவதும் 1,86,000 க்கும் அதிகமானோர் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள். மே மாத மழைக்கு முன்னரே உங்கள் அடுத்த கூட்டத்தில் மூன்றை முடிவு செய்யுங்கள்: வாரப் பரிசோதனை எந்த நாள், போகும் இரண்டு பேர் யார், திறப்பு உறைகள் எந்தப் பூட்டிய அலுமாரியில்.

வெள்ளவத்தைத் தொடர்மாடிக் குடியிருப்பாளர்கள் சிலர்
கொழும்பு 6