சீட்டுக் குலுக்கிக் கொடுக்கும் களிம்பு

நாகலூர், ஏற்காடு
மார்கழி 12

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். புதன்கிழமை போனில், ஆஸ்பத்திரியில் ஒரு மருந்துச் சோதனைக்கு (ட்ரையல்) என்னைக் கூப்பிடுகிறார்கள் என்று நான் சொன்னதற்கு, "உங்களை எலியாக்கப் பாக்கறாங்கப்பா" என்று நீ சொன்னதும் லைன் போய்விட்டது. சிக்னல் போனதா, நீயே வைத்துவிட்டாயா என்று உன் அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். போனில் பேசினால் உனக்குக் கோபம் வருகிறது, எனக்கு வார்த்தை வருவதில்லை. அதனால் எழுதி, பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்துப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

முதலில் கால். ஐப்பசி மழையில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போனேனே, அன்றைக்கு உள்ளே ஒரு கூழாங்கல் கிடந்திருக்கிறது. காலையிலிருந்து சாயங்காலம் வரை அதன் மேலேயே நடந்திருக்கிறேன், தெரியவில்லை. சுகர் உணர்ச்சியைத் தின்றுவிட்டது. கட்டைவிரலுக்குக் கீழே எட்டணா அளவு புண். சேலத்தில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி ஒன்றில் காட்டுகிறோம். சுத்தம் பண்ணுகிறார்கள், கட்டுக் கட்டுகிறார்கள், சுகரை இறக்குகிறார்கள், அந்த இடத்தில் பாரம் படாதபடி எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு கொடுத்திருக்கிறார்கள். ஆறுகிறது, ஆனால் ஆமை வேகம்.

அங்கேதான் இந்தப் பேச்சு வந்தது. தை பிறந்ததும் ஒரு ட்ரையல் ஆரம்பிக்கிறார்களாம். இந்த மாதிரிப் புண்ணுக்கு ஒரு புதுக் களிம்பு. இதுவரை கிடைக்கும் வைத்தியம் எல்லாருக்கும் அப்படியே நடக்கும். அதன் மேல் பாதிப் பேருக்கு மருந்து உள்ள களிம்பு, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் களிம்பு; யார் எந்தப் பாதி என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுப்பார்களாம். ட்யூப் ஒன்றுபோல, நிறம் ஒன்றுபோல. யாருக்கு எது என்று எனக்கும் தெரியாது, கட்டுக் கட்டும் நர்சுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஆபத்து என்றால் மட்டும், யாருக்கு எது என்று எழுதி மூடிய உறையைப் பிரித்துப் பார்ப்பார்களாம். நீ கோபப்பட்டது இந்த வெறும் களிம்புக்குத்தான். நானும் முதலில் அதற்குத்தான் சண்டை போட்டேன். "தெரிஞ்சே வெறும் களிம்பைத் தடவறது என்ன வைத்தியம் சார்?" என்றேன். அந்த டாக்டர், உன் வயதுதான் இருக்கும், நிதானமாகச் சொன்னார்: "இது உங்களுக்குன்னு பண்ற வைத்தியம் இல்லீங்கய்யா. உங்க வைத்தியம் எப்படியும் நடக்கும். இந்தக் களிம்பு வேலை செய்யுதான்னு எங்களுக்கே தெரியாது. தெரிஞ்சா ட்ரையல் எதுக்கு?" அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. இதைத் தடவினால் ஆறிவிடும் என்று அவர் சொல்லியிருந்தால் எழுந்து வந்திருப்பேன்.

சீட்டுக் குலுக்குவது ஏன் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நீ ஏழாம் வகுப்புப் படிக்கும்போது நம் எஸ்டேட்டில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? துரை ஏதோ இலைத் தெளிப்பு மருந்து வாங்கி வந்து, பாதித் தோட்டத்துக்கு அடித்துப் பார் என்றார். மேஸ்திரி என்ன செய்தார்? துரை ஜீப்பில் வந்தால் கண்ணில் படுகிற மாதிரி, கிணற்றடியில், சில்வர் ஓக் நிழல் அடர்ந்த பாத்தியில் அடித்தார். அடிக்காத பாதி மேலே காய்ந்த சரிவு. அந்த வருடம் கிணற்றடிச் செடி குலை குலையாகக் காய்த்தது. துரைக்கு ஒரே சந்தோஷம். மறுவருடம் முழுத் தோட்டத்துக்கும் வாங்கி அடித்தோம்; மேல் சரிவு அப்படியேதான் இருந்தது. காய்த்தது நிழலும் தண்ணீரும். மருந்துச் செலவைச் செலவுக் கணக்கில் எழுதியவன் நான். பாத்திக்கெல்லாம் நம்பர் போட்டுச் சீட்டு எடுத்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும். டாக்டரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். இந்த முறையே வயலிலிருந்துதான் ஆஸ்பத்திரிக்கு வந்தது, 1920களில் இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் பண்ணையில் ஃபிஷர் என்பவர் பயிர்ச் சோதனைக்காக வகுத்தது என்றார். மனிதர்களிலும் அப்படித்தானே கண்ணு? டாக்டரே ஆளைப் பிரித்தால், தேறுவான் என்று தோன்றுகிறவனுக்குப் புது மருந்தைக் கொடுத்துவிடுவார். கெட்ட எண்ணமே வேண்டாம், கை தானாகப் போகும்.

என் பெரியப்பா கதையை உனக்குச் சொல்லியிருக்கிறேன். காச நோய் என்று பெருந்துறை சானடோரியத்தில் மாசக்கணக்கில் கிடந்தார். வீட்டில் வைத்துக்கொண்டால் எல்லாருக்கும் ஒட்டிவிடும், நல்ல சாப்பாடும் ஓய்வும் இல்லாமல் தேறாது என்றுதான் அப்போது பேச்சு. அந்தப் பேச்சை உடைத்தது நம் சென்னையில் நடந்த ஒரு ட்ரையல். 1956-ல் ஆரம்பித்தது. ஏழை நோயாளிகளைச் சீட்டு முறையில் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் இன்னொரு பாதியை அவரவர் வீட்டிலேயேயும் வைத்து ஒரே மாத்திரைகளை ஒரு வருடம் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு இடமும் நெரிசல், சோறும் குறைச்சல். ஆனாலும் கிட்டத்தட்ட அதே அளவுக்குத் தேறினார்கள், வீட்டாருக்கு ஒட்டியதும் கூடவில்லை. 1959-ல் முடிவு வெளிவந்த பிறகு, உலகம் முழுக்கக் காச நோய்க்கு வீட்டிலிருந்தே மருந்து என்று ஆனது. பெரியப்பாவுக்கு அது கொஞ்சம் பிந்தி வந்தது.

நீ பயப்படுவதில் அர்த்தமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஏழைகளிடம் விவரம் சொல்லாமல் கையெழுத்து வாங்கியதெல்லாம் இந்த நாட்டில் நடந்து, உச்ச நீதிமன்றம் வரை போனது. 2013-ல் நஷ்டஈட்டு விதி வந்ததும், 2019-ல் புது மருந்துச் சோதனை விதிகள் வந்ததும் அதற்கெல்லாம் பிறகுதான். எனக்கே ஒன்று நடந்தது. ஆஸ்பத்திரியில் பேப்பர் கொண்டுவந்த பெண், "இங்க ஒரு சைன் போடுங்கய்யா, சும்மா ஃபார்மாலிட்டி" என்றது. எஸ்டேட்டில் எத்தனை செக்ரோலில் (கூலிப் பதிவேட்டில்) எத்தனை பேரிடம் நான் அதே வார்த்தையைச் சொல்லிக் கைநாட்டு வாங்கியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். போடவில்லை. வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்றேன். டாக்டர் அந்தப் பெண்ணைத்தான் கடிந்துகொண்டார். தமிழில் 14 பக்கம். மூன்று நாள் படித்தேன்.

அதில் இருப்பது இது. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டாம், வழக்கமான வைத்தியம் நிற்காது. களிம்பால் ஏதாவது வந்தால் அதற்கு வைத்தியம் இலவசம். 12 வாரம், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போகவேண்டும். பஸ் காசு கொடுப்பார்கள், கூலி கிடையாது. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறினால் எனக்கு வாந்தி வரும், அதற்கு யார் காசு கொடுப்பது?

களிம்பால் உயிர் போனால் நஷ்டஈடு என்ன என்பதையும் பார்த்தேன். நீ அழாமல் படி, இது கணக்கு. அடிப்படை 8 லட்சம். அதை வயதுக்கான எண்ணாலும் ஆபத்துக்கான எண்ணாலும் பெருக்கி 99.37-ஆல் வகுக்க வேண்டும். அந்த வயது எண் எனக்குப் பழைய சிநேகிதம், தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்து அட்டவணை. 16 வயது வரை 228.54, 65 ஆகிவிட்டால் 99.37. எனக்கு 68, மேலும் கீழும் அடிபட்டுப்போய் 8 லட்சமே நிற்கும், அதை ஆபத்து எண்ணால் பெருக்கினால் போதும். ஆபத்து எண் நல்ல ஆரோக்கியமானவனுக்கு 4, ஆறு மாதம் தாங்கமாட்டான் என்கிறவனுக்கு அரை. நான் நடுவில் எங்கேயோ. இதை உன் அம்மாவுக்கு விளக்கப்போய் அன்று ராத்திரி எனக்குச் சோறு இல்லை.

நெறிமுறைக் குழு பற்றியும் கேட்டேன். குறைந்தது 7 பேர், தலைவர் அந்த ஆஸ்பத்திரியைச் சேராதவராக இருக்கவேண்டும், டாக்டர் அல்லாத சாதாரண ஆள் ஒருவரும் வேண்டும். அந்தக் குழு சரி என்றால்தான் ஆரம்பிக்கலாம். ஆரம்பிக்கும் முன்பே அரசாங்கப் பதிவேட்டில் பதியவும் வேண்டும். சி.டி.ஆர்.ஐ. என்று பெயர், 2009 ஜூன் முதல் இது கட்டாயம். நம்பர் வாங்கி வைத்திருக்கிறேன், பையன் தனியாக அனுப்புவான். நீ கம்ப்யூட்டரில் போட்டுப் பார். யார் பணம் போடுகிறார்கள், எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள், எதை வைத்துப் புண் ஆறியது என்று சொல்லப்போகிறார்கள், எல்லாம் அதில் இருக்கும். என் பேப்பரில் உள்ளதும் அதுவும் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்துச் சொல். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை, சரிபார்க்கச் சொல்கிறேன்.

ஒரே ஒரு இடம் இடிக்கிறது. 11-ஆம் பக்கத்தில், எடுக்கும் ரத்தத்தில் மிச்சத்தைப் பின்னால் வேறு ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று தனியாக ஒரு கட்டம். சம்மதம், சம்மதமில்லை என்று டிக் போட வேண்டும். எந்த ஆராய்ச்சி என்று எழுதாமல் கேட்கிறார்கள். சம்மதமில்லை என்று போட்டாலும் ட்ரையலில் சேரலாமாம். அப்படித்தான் போடுவேன் என்று நினைக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?

பொங்கலுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை டாக்டரைப் பார்க்கிறேன். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. காலையில் கூப்பிடு, அந்நேரம் வாசல் பலாமரத்தடியில் நின்றால் சிக்னல் கிடைக்கும்.

அங்கிருந்து ஷூ கிஷூ வாங்கி அனுப்பாதே. எம்.சி.ஆர். செருப்பே போதும். கட்டு இருப்பதால் இப்போது கால் அளவும் சரியாக வராது.

அன்புடன்,
அப்பா