ஆடி பதினெட்டுக்கு ஆளுக்கொரு சாதம் செஞ்சு எடுத்துட்டு வாங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆடி பொறந்தாச்சு, எங்க அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்ல ஆடிப்பெருக்குக்கு கேட்டரிங் சொல்லிடலாமா, தலைக்கு எவ்வளவு வசூல் பண்ணலாம்னு பேச்சு ஓட ஆரம்பிச்சிருச்சு, அதைப் படிச்சதும்தான் இந்த லெட்டர் எழுத உட்கார்ந்தேன். எங்க குடியிருப்புல மட்டும் இல்ல, திருச்சியில தெரிஞ்சவங்க பல பேர் இருக்கற இடத்துலயும் இதே கதைதான். கேட்டரிங்காரங்க மேல எனக்கு எந்த வருத்தமும் கிடையாது, கல்யாணத்துல ஐநூறு பேருக்கு இலை போடணும்னா அவங்க இல்லாம நடக்காது. ஆனா ஆடி பதினெட்டு அந்த மாதிரி விசேஷம் இல்லைங்க. அவங்கவங்க வீட்டுல செஞ்சதை தூக்குல போட்டு ஆத்தங்கரைக்கு கொண்டு போய், தெரிஞ்சவங்க தெரியாதவங்க எல்லாரும் கை மாத்தி சாப்பிடறதுதான் அந்த நாளே.

மேட்டூர், பவானி கூடுதுறை, இங்க ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம், அந்தப் பக்கம் பூம்புகார் வரைக்கும் காவிரி போற வழியெல்லாம் இதேதான் நடக்கும். காலையில குளிச்சுட்டு, காதோலை கருகமணி, மஞ்சள், பூ, காப்பரிசி வச்சு காவேரியம்மாவை கும்பிட்டு, புது மஞ்சள் கயிறு கட்டிக்கிட்டு, அப்புறம் படித்துறை பக்கத்துல நிழல் பார்த்து உட்கார்ந்து தூக்கைத் திறந்தா புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம், சர்க்கரைப் பொங்கல்னு வரிசையா வரும். பக்கத்துல உட்கார்ந்திருக்கற குடும்பம் யாருன்னே தெரியாது, "இந்தாம்மா எங்க புளியோதரை கொஞ்சம் சாப்பிட்டுப் பாரு"ன்னு ஒரு பாட்டி கரண்டியோட வந்து நிப்பாங்க. வேண்டாம்னு சொல்ல யாருக்கும் மனசு வராது.

இந்த புளியோதரையையே எடுத்துக்கோங்க. பேரு ஒண்ணுதான், ஆனா ஒரு வீட்டு புளியோதரை மாதிரி இன்னொரு வீட்டுது இருக்கவே இருக்காது. ஐயங்கார் வீட்டுல மிளகு தூக்கலா இருக்கும், சில வீட்டுல வறுத்த எள்ளைப் பொடி பண்ணி கடைசியில தூவுவாங்க, தனியாவும் வெந்தயமும் வறுத்துப் போடறதுல ஒவ்வொருத்தருக்கும் ஒரு பக்குவம், எங்க அத்தை துளி வெல்லம் போட்டுதான் இறக்குவாங்க. நல்லெண்ணெய் பிரிஞ்சு மேல வர்ற வரைக்கும் பொறுமையா காய்ச்சின புளிக்காய்ச்சலை, சாதத்தை தாம்பாளத்துல கொட்டி ஆறவிட்டு அதுக்கப்புறம் கலந்தாதான் உதிரி உதிரியா நிக்கும், சாயங்காலம் வரைக்கும் கெடவும் கெடாது. இதெல்லாம் யாரும் எழுதி வச்சது இல்ல, ஒருத்தர் செஞ்சதை இன்னொருத்தர் சாப்பிட்டுட்டு "எப்படிங்க செஞ்சீங்க"ன்னு கேட்டுக் கேட்டே வந்தது. ஒரே அண்டாவுல இருந்து நூறு பேருக்கும் ஒரே புளியோதரை வந்தா யாரு யாரைக் கேப்பாங்க? ஒரே கட்டடத்துல மூணாவது மாடிக்காரங்க பேரு அஞ்சாவது மாடிக்காரங்களுக்குத் தெரியாம வருஷக்கணக்கா இருக்கோம், ஒரு எலுமிச்சை சாதம் இந்த விஷயத்துல எவ்வளவு செய்யும்னு நேர்ல பார்த்தவ நான்.

நம்ம பழைய எவர்சில்வர் பாத்திரத்தைத் திருப்பிப் பாருங்க, அடியிலயோ விளிம்புலயோ பேரு வெட்டியிருக்கும். பாத்திரம் ஊரெல்லாம் சுத்திட்டு சரியா நம்ம வீட்டுக்குத் திரும்பணுமே, அதுக்குத்தான். திரும்பும்போதும் காலியா வராது, ஒரு பழமோ கொஞ்சம் சர்க்கரையோ போட்டுத்தான் கொடுப்பாங்க. திருநெல்வேலி பக்கம் சித்ரா பௌர்ணமிக்கு ஆத்தங்கரையில நிலா வெளிச்சத்துல சாப்பிடறதும், காணும் பொங்கலுக்கு கட்டுச்சாதம் கட்டிக்கிட்டுப் போறதும், பிள்ளைங்க ஆளுக்கு கொஞ்சம் அரிசி பருப்பு கொண்டு வந்து கூட்டாஞ்சோறு ஆக்கினதும் எல்லாம் இதே பழக்கம்தான், இப்போ ஆபீஸ்ல பாட்லக்னு நடத்தறதை நம்ம ஆளுங்க எப்பவோ செஞ்சிருக்காங்க.

வேலைக்குப் போற பொண்ணுங்க பாவம், அவங்க தலையில இதையும் கட்டலாமான்னு குரூப்ல ஒரு தங்கச்சி கேட்டாங்க. ரொம்ப நியாயமான கேள்வி. அதனாலதான் சொல்றேன், வீட்டுக்கு ஒரு ஐட்டம் மட்டும், அதையும் வீட்டுல இருக்கற எல்லாரும் சேர்ந்து செய்யணும். தேங்காய் துருவறது, கடலை வறுக்கறது, சாதம் ஆற வைக்கறது எல்லாம் ஆம்பளைங்களும் வளர்ந்த பிள்ளைங்களும் தாராளமா பண்ணலாம், எங்க வீட்டுல தயிர் சாதம் எப்பவும் என் வீட்டுக்காரர் பொறுப்புதான். சாதத்தை நல்லா குழைச்சு பால் நிறைய ஊத்தி தயிர் ரெண்டு ஸ்பூன் மட்டும் போடுவார், சாப்பிடற நேரத்துக்கு புளிப்பு சரியா வந்து நிக்கும். சமைக்கவே நேரம் இல்லாதவங்க வாழை இலை, அப்பளம், பழம், தண்ணி கேன்னு ஏத்துக்கட்டும், அவங்களும் சரிசமமா பந்தியில உட்காரட்டும்.

யாரு என்ன கொண்டு வர்றாங்கன்னு ரெண்டு நாள் முன்னாடியே எழுதிடணும், இல்லைன்னா எல்லாரும் எலுமிச்சை சாதத்தோட வந்து நிப்பாங்க. வேர்க்கடலை, முந்திரி சிலருக்கு ஒத்துக்காது, அதனால பாத்திரத்து மேல ஒரு சீட்டு ஒட்டிடுங்க. தேங்காய் சாதம் வெயில்ல சீக்கிரம் கெட்டுப்போகும், அதை முதல் பந்தியிலயே காலி பண்ணிடணும்.

இன்னொண்ணு, இது ஒரு மதத்துக்காரங்க விஷயம்னு யாரும் ஒதுங்கிப் போக வேண்டியதில்ல. ரமலான்ல எங்க பக்கத்து வீட்டு அக்கா பள்ளிவாசல்ல இருந்து வாங்கி அனுப்பற நோன்புக்கஞ்சியை வருஷா வருஷம் நாங்க காத்திருந்து குடிக்கறோம், அந்தக் கஞ்சிக்கு அரசாங்கமே பள்ளிவாசல்களுக்கு அரிசி கொடுக்குது. அந்த அக்கா ஆடி பதினெட்டுக்கு நெய்ச்சோறு செஞ்சு கொண்டு வர்றேன்னு இப்பவே சொல்லிட்டாங்க.

கடைசியா உங்ககிட்டயே ஒரு கோரிக்கை. உங்க சமையல் பக்கத்துல வர்ற குறிப்பெல்லாம் நாலு பேருக்குத்தான் அளவு சொல்லுது. இருபத்தஞ்சு பேருக்கு செய்யறப்போ எல்லாத்தையும் அப்படியே ஆறால பெருக்கினா சரியா வராது, உப்பு, காரம், பெருங்காயம், எண்ணெய் எல்லாம் அந்தக் கணக்குல ஏறாது. அரிசியும் அப்படித்தான், முழுச்சாப்பாடா போட்டா ஒரு கிலோ சுமார் பத்து பேருக்கு வரும், அஞ்சு வகை இருந்தா ஆளுக்கு ஒரு கரண்டிதான் எடுப்பாங்க, அப்போ ஒவ்வொரு வகைக்கும் அதே ஒரு கிலோ இருபத்தஞ்சு பேருக்கும் தாராளமா போதும். இந்த மாதிரி கூட்டத்துக்கு செஞ்சு பழகின பெரியம்மாக்களும் மாமிகளும் நிறைய பேர் இருக்காங்க, அவங்ககிட்ட கேட்டு ஆடி பதினெட்டுக்கு ஒரு வாரம் முன்னாடி அளவோட ஒரு பக்கம் போடுங்க. ஆகஸ்ட் மொத வாரத்துலயே பண்டிகை வந்துரும், அரிசி பருப்பு வாங்கவும் எங்களுக்கு நாள் வேணும்.

இப்படிக்கு,
உங்க வாசகி,
ஸ்ரீரங்கம்