‘ஹேங் ஆகிறது’ என்ற புகார் குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வெளுத்துப்போன ஜன்னல், அதன் தலைப்பில் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்ற வாசகம். வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் அந்த ஸ்கிரீன்ஷாட் எங்களுக்கும் வந்து சேர்ந்தது. நம் மென்பொருள்தான், ஆண்டு இறுதிக் கணக்கு ஓடும் திரைதான். படம்கூடப் பரவாயில்லை. கூடவே ‘சாஃப்ட்வேர் செத்துப்போச்சு, டேட்டாவும் போச்சு’ என்று எழுதியிருக்கிறார்களே, அதுதான் உறுத்துகிறது. கொஞ்சம் நீளமாகவே விளக்குகிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திரையை வரைவது, கிளிக்கைக் கவனிப்பது, விசைப்பலகைத் தட்டலை வாங்குவது எல்லாம் ஒரே ஒரு த்ரெட்டின் வேலை. த்ரெட் என்றால் நிரலுக்குள் வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் ஓர் ஓட்டம். லட்சக்கணக்கான பதிவுகளைக் கூட்டும் வேலையும் அதன் தலையிலேயே விழுந்தால், உங்கள் கிளிக்குகள் வரிசையில் காத்துக் கிடக்கும். 5 விநாடி வரை அந்த வரிசையை நிரல் எட்டிப் பார்க்காவிட்டால், விண்டோஸ் அந்த ஜன்னலை மறைத்துவிட்டு அதன் நகலை அங்கே வைக்கிறது. நீங்கள் பார்த்த வெள்ளைத் திரை அந்த நகல். பின்னால் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது. சாகவில்லை.

பொறுமையிழந்து எக்ஸ் பொத்தானை அழுத்தியவர்களுக்கும் டேட்டா போகவில்லை. ஆண்டு முடிப்பு முழுவதும் ஒரே டிரான்ஸாக்‌ஷன். முடிந்தால் முழுசாகப் பதிவாகும், நடுவில் அறுந்தால் அடுத்த முறை திறக்கும்போது பழைய நிலைக்கே திரும்பிவிடும். மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டும், அது எரிச்சல்தான். ஆனால் ஒரு பில்கூடத் தொலையாது. இதை ஒருவராவது எங்களிடம் கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம்.

‘ஒரு புரோகிரஸ் பார் போட்டால் தீராதா?’ என்று பலர் கேட்டார்கள். அந்தப் பட்டையை வரைய வேண்டியதும் அதே த்ரெட்தானே, அதுவும் உறைந்து நிற்கும். நிரல் எழுதத் தெரிந்த சிலர், இடையிடையே காத்திருக்கும் கிளிக்குகளை உள்ளே விடச் சொன்னார்கள். விஷுவல் பேசிக் என்ற பழைய நிரல்மொழிக் காலத்து ‘டூஈவென்ட்ஸ்’ கட்டளையின் வழி அது. அவசரத்தில் ஒருவர் ‘கணக்கிடு’ பொத்தானை இரண்டாம் முறை தட்டினால், முதல் கணக்கின் நடுவிலேயே இன்னொரு கணக்கு கிளம்பிவிடும். ‘நாட் ரெஸ்பாண்டிங்’ வாசகமே வராமல் தடுக்கவும் விண்டோஸில் வழி உண்டு. அப்போது உறைந்த ஜன்னலை நகர்த்தக்கூட முடியாது. அழகுக்காக அப்படிச் செய்ய மனம் வரவில்லை.

சரி, புதிய பதிப்பில் என்ன மாற்றம்? கணக்கு இனி தனி த்ரெட்டில் ஓடும், திரையின் த்ரெட் உங்களுக்காகக் காத்திருக்கும். எந்தக் கட்டம் ஓடுகிறது என்பது பட்டையில் தெரியும். ஒவ்வொரு பதிவுக்கும் தகவல் அனுப்பினால் அதுவே வரிசையை அடைத்துவிடும் என்பதால், விநாடிக்குப் பத்து முறை மட்டுமே பட்டை நகரும். 0.1 விநாடிக்குள் வரும் பதில் மனிதருக்கு உடனடியாகத் தோன்றும், 10 விநாடி தாண்டினால் கவனம் கலைந்துவிடும் என்று பயன்பாட்டு எளிமை ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1993-லேயே எழுதியிருக்கிறார். பட்டைக்கு அந்தக் கணக்கே போதும். ‘இன்னும் 3 நிமிடம்’ என்றெல்லாம் காட்ட மாட்டோம். அந்த எண் பெரும்பாலும் பொய்யாகிவிடும்.

‘ரத்து’ பொத்தான் அழுத்தியதும் சட்டென நிற்காது. கையிலிருக்கும் பதிவுத் தொகுதியை முடித்துவிட்டுத்தான் கணக்கு நிற்கும். த்ரெட்டை வலுக்கட்டாயமாக வெட்டினால், வேறு வேலைகள் குறுக்கிடாதபடி அது போட்ட பூட்டுகள் திறக்காமலே கிடக்க வாய்ப்பு உண்டு. கணக்கு ஓடும்போது புது பில் போடலாம், பழைய அறிக்கை பார்க்கலாம், முடிக்கப்படும் ஆண்டின் பதிவுகளைத் திருத்துவது மட்டும் பூட்டியிருக்கும்.

அப்புறம், இதற்காகப் புதுக் கணினி வாங்கச் சொல்லி யாராவது அறிவுரை சொன்னால் கேட்க வேண்டாம். விண்டோஸ் 10-உம் அதற்கு மேலும் உள்ள எல்லாக் கணினிகளிலும் புதிய பதிப்பு ஏறும்.

புகார் பரவிய நாட்களில் ‘அவசரப்படாதீர்கள், ஓடி முடிக்கும்’ என்று குழுக்களில் எங்களுக்காகப் பேசிய பழைய வாடிக்கையாளர்களுக்கு மனமார்ந்த நன்றி. தங்கள் கோப்பின் பிரதியையே சோதனைக்குத் தந்தவர்களுக்கு இன்னும் கூடுதலாக. அந்தப் பெரிய கோப்புகளில் ஓட்டிப் பார்த்துத்தான் பதிப்பை வெளியிடுகிறோம்.

நிறுவும் முன் வழக்கம்போல ஒரு பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மென்பொருள் நிறுவனத்தின் உரிமையாளர்