புத்தக வீடியோவுக்குப் பாட்டு கேட்கும் நண்பர்களுக்கு

அன்புள்ள எழுத்தாளர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் வணக்கம்.

வெளியீட்டு விழாவுக்கு ஒரு நிமிட வீடியோ வேண்டும் என்று வருகிறவர்களில் பலர், கையோடு ஒரு சினிமாப் பாட்டையும் சொல்லிவிடுகிறார்கள். "பத்து செகண்டுதானே, ஒன்றும் ஆகாது" என்பார்கள். பத்து செகண்டுக்கு விலக்குத் தரும் விதி எதுவும் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் இல்லை. ஒரு காலத்தில் நாங்களும் அப்படி நம்பி, ஒரு கவிதைத் தொகுப்புக்குச் சினிமாப் பின்னணி இசையைச் சேர்த்தோம். விழாவுக்கு முந்தின இரவு, பாட்டின் உரிமைச் சிக்கலால் வீடியோவின் ஒலி முடங்கிவிட்டது. அந்தக் கவிஞர் அழைப்பிதழிலேயே வீடியோவுக்கான க்யூஆர் கோடை அச்சடித்திருந்தார். அவரிடம் போனில் விஷயத்தைச் சொன்ன அந்த இரவை நாங்கள் மறக்கவில்லை.

"சரி, பாரதியார் பாட்டு போடலாமே?" என்று அடுத்த கேள்வி வரும். 1908 முதல் 1918 வரை அவர் வாழ்ந்த ஊர் நம் புதுச்சேரி, கேட்காமல் இருப்பார்களா! வரிகளைத் தாராளமாகப் போடலாம். அவை நாட்டுடைமை ஆகி வெகுகாலம் ஆகிறது. பாரதிதாசன் மறைந்தது 1964இல். எழுதியவர் மறைந்து 60 ஆண்டு வரைதான் பதிப்புரிமை என்ற கணக்குப்படி பார்த்தாலும், 2024 முடிவோடு அவர் வரிகளுக்கும் காலம் தீர்ந்தது. ஆனால் வரி வேறு, மெட்டு வேறு, பாடிப் பதிவு செய்த ஒலி வேறு. நீங்கள் கேசட்டில் கேட்டு வளர்ந்த பாட்டில் இசையமைத்தவருக்கும் ஒலிப்பதிவை வெளியிட்டவருக்கும் தனித்தனி உரிமை இருக்கும். அதனால் உங்கள் மகளோ பேரனோ அதே வரிகளைப் புது மெட்டில் பாடித் தரட்டும், சந்தோஷமாகச் சேர்க்கிறோம். ராகம் யாருக்கும் தனிச் சொத்து இல்லை.

அப்புறம், அட்டை ஓவியம். அட்டைக்கென்று வரைந்ததை வீடியோவில் அசைய விடுவதற்கு ஓவியரிடம் தனியாகக் கேளுங்கள். எழுத்திலேயே வாங்குங்கள், எத்தனை ஆண்டுக்கு என்பதையும் எழுதுங்கள். உரிமையை எழுதி வாங்கும்போது காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். படங்களை கூகுளில் தேடி அனுப்ப வேண்டாம். கடற்கரைச் சாலையோ மீன் மார்க்கெட்டோ, கதைக்கு எது வேண்டுமோ அதை நாங்களே போய் எடுத்துவருகிறோம், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

புது மெட்டுப் போட்டுத் தர எங்களிடம் ஆள் இருக்கிறார். அவருக்கு ஒரு வாரமாவது வேண்டும். ஆகவே விழாவுக்கு 15 நாள் முன்பாக ஓவியரின் கடிதத்தோடு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் வீடியோ ஸ்டுடியோ,
மிஷன் வீதி, புதுச்சேரி