எரார் பியானோவில் ஒரு ஸ்ப்ரூஸ் மரம்

ஹெல்சின்கி,
செப்டம்பர் 21

அன்புள்ள மாதவனுக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. புது வீட்டில் குடிபுகுந்துவிட்டாய் என்று படித்து மகிழ்ந்தேன். பியானோவைக் கூடத்தில் வைப்பதா, பின்புறத்துச் சின்ன அறையில் வைப்பதா என்று கேட்டிருந்தாய். பதில் எழுத உட்காரும் முன் இங்கே ஒரு கச்சேரிக்குப் போக நேர்ந்தது. அதைச் சொன்னால் உன் கேள்விக்கும் பதில் வந்துவிடும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஃபின்லாந்துப் பியானோ இசையைப் பழங்காலத்துக் கருவிகளில் வாசித்துக் காட்டிய கச்சேரி அது. மேடையில் இரண்டு பியானோக்கள் இருந்தன. ஒன்று, மோட்சார்ட் வைத்திருந்த பியானோவைச் செய்த வியன்னாக்காரர் அந்தோன் வால்ட்டரின் கருவியைப் பார்த்து இக்காலத்தில் செய்த பிரதி. மற்றொன்று 1880களில் பாரிஸின் எரார் நிறுவனம் செய்த அசல் பியானோ. வால்ட்டர் பிரதியில் நம் வீட்டுப் பியானோக்களில் வெள்ளையாக இருக்கும் கட்டைகள் கறுப்பாகவும், கறுப்பாக இருக்கும் கட்டைகள் வெள்ளையாகவும் இருந்தன; ஐந்தே ஸ்தாயி; காலால் மிதிக்கப் பெடல் கிடையாது, கட்டைப் பலகைக்கு அடியில் உள்ள நெம்புகோலை முழங்காலால் தூக்க வேண்டும். வாசித்த அம்மையார் முழங்காலை ஏற்றி இறக்கியதைப் பார்த்தபோது எனக்குத் தையல் எந்திரம்தான் ஞாபகம் வந்தது.

முதலில் தோமஸ் ப்யூஸ்ட்ரோம் என்பவரின் சொனாட்டா (பல பகுதிகள் கொண்ட கருவியிசை உருப்படி) ஒன்றை ஒரு வயலின்காரரைச் சேர்த்துக்கொண்டு வாசித்தார்கள். ப்யூஸ்ட்ரோம் 1772இல் இதே ஹெல்சின்கியில் பிறந்த படை அதிகாரி. ஃபின்லாந்து அப்போது ஸ்வீடனின் பகுதியாக இருந்தது. அவருடைய மூன்று சொனாட்டாக்கள் 1801இல் அச்சாயின. கேட்க இதமாக இருந்தது, அவ்வளவுதான். மரச்சட்டமும் தோல் சுற்றிய சின்னஞ்சிறு சுத்தியல்களும் கொண்ட அந்தக் கருவி வயலினை எந்த இடத்திலும் மூழ்கடிக்கவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன்.

இடைவேளையில் காப்பிக்குப் போகாமல் மேடையருகே நின்றேன். சுருதி கூட்டுபவர் எராரின் மூடியைத் திறந்து, ஃபெல்ட் என்னும் கம்பளித் துணியின் நீண்ட பட்டையைக் கம்பிகளுக்கு இடையே செருகி, மும்மூன்று கம்பிகள் உள்ள சுரங்களில் ஒன்றை மட்டும் பேசவிட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் உள்ளே நன்றாகப் பார்த்தேன். கம்பிகள் எல்லாம் ஒன்றுக்கொன்று இணையாக, நேராக ஓடுகின்றன. நம் பியானோக்களில் கீழ் ஸ்தாயிக் கம்பிகள் மற்றவற்றின் மேல் குறுக்காகப் போகுமே, அந்த முறைக்கு ஸ்டைன்வே என்ற அமெரிக்கப் பியானோ நிறுவனம் 1859இல் காப்புரிமை பெற்று, பிறகு உலகமே அதைப் பின்பற்றியது. எரார் மட்டும் வெகுகாலம் பழைய வழியை விடவில்லை. குறுக்குக் கம்பியால் ஒலி ஒன்றாகத் திரண்டு பெருகுகிறது. நேர்க்கம்பியிலோ கீழ், நடு, மேல் ஸ்தாயிகள் மூன்று பேருடைய குரல்கள் போலத் தனித்தனியே கேட்கின்றன.

இரண்டாம் பகுதி முழுவதும் எராரில்தான். செலிம் பால்ம்கிரெனின் ‘மே மாத இரவு’ முதலில் வந்தது. அதைப் பெரிய அரங்குகளில் நவீனப் பியானோவில் கேட்டால் ஒலியை நீட்டும் பெடலில் எல்லாம் கலங்கிப் பாயசமாகிவிடும். இங்கே அந்த அம்மையார் பெடலை எடுக்காமல் நெடுநேரம் வைத்திருந்தும் ஒலி தானாகவே சீக்கிரம் தேய்ந்ததால், அடுத்த சுரச்சேர்க்கை வரும்போது முந்தையதன் வாசனை மட்டும் மிச்சமிருந்தது. அடுத்து, எர்க்கி மெலார்ட்டின் 1908இல் எழுதிய ‘சோகத் தோட்டம்’ வரிசையிலிருந்து ‘மழை’. அதுவும் நன்றாகவே இருந்தது.

பிறகு ஃபின்லாந்தின் பெரும் இசையமைப்பாளர் சிபேலியஸ் 1914இல் எழுதிய ‘மரங்கள்’, ஐந்து உருப்படிகளும். கடைசி மரம் எது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளியில் அந்த ‘ஸ்ப்ரூஸ்’ (ஊசியிலை மரம்) பக்கத்தின் மேல் நம் ஆசிரியர் பென்சிலால் ‘இன்னும் பலமாக’ என்று எழுதிவைத்ததும், நாம் இருவரும் மாறி மாறி அந்தப் பியானோவை உதைத்ததும் மறந்திருக்காது. முதல் உலகப் போர் மூண்டு ஜெர்மன் பதிப்பாளர்களோடு தொடர்பு அறுந்ததால் உள்ளூர்ப் பதிப்பாளர்களுக்காக எழுதிய சில்லறைச் சரக்கு, வயலின்காரருக்குப் பியானோ என்ன தெரியும் என்று அந்த இசையைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. நானும் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன். அன்று எராரில், தொடக்கத்து விரல்சரிவு முடிந்து மெதுவான வால்ட்ஸ் நடனத் தாளம் இடது கையில் ஊன்றியபோது, அடிக்கிளைகள் தரையைத் தொட்டுக்கொண்டு நிற்பது போலிருந்தது. நடுவில் வரும் சூறைக்காற்றைக்கூட அந்த அம்மையார் பலமாக வாசிக்கவில்லை. மாதவா, அதில் உதைக்க வேண்டிய இடமே இல்லை.

எல்லாமே எராரால் மேன்மையடைந்தது என்று எழுதினால் அது பொய். அதே சிபேலியஸின் ஓப்பஸ் 24 என்ற தொகுப்பில் உள்ள ‘ரொமான்ஸ்’ என்ற உருப்படி ஓர் இசைக்குழுவையே மனத்தில் வைத்து எழுதியது. அதன் உச்சத்தில் எரார் மூச்சுவாங்கியது, மேல் ஸ்தாயி தகரம் போல ஒலித்தது.

கச்சேரியிலிருந்து வந்தவுடன், சிபேலியஸுக்கு நேர்க்கம்பிப் பியானோவே பொருத்தம் என்று ஒரு கொள்கையை உருவாக்கி, உனக்கு எழுத வாக்கியங்கள்கூட அமைத்துவிட்டேன். மறுநாள் ஞாயிறு, ரயிலேறி யார்வென்பாவில் இருக்கும் அவருடைய ஐனோலா வீட்டுக்குப் போனேன். இந்த மாதத்தோடு அடைத்தால் பிறகு மே மாதம்தான் திறப்பார்கள். 1904இல் குடியேறிய மரவீடு. அவர் இருந்தவரை, குழாய்ச் சத்தம் வேலையைக் கெடுக்கும் என்று தண்ணீர்க் குழாயே வைக்கவிடவில்லையாம். சாப்பாட்டு அறையில் உள்ள பச்சை நிறக் கணப்பைப் பார்த்தால் அவர் காதில் எஃப் மேஜர் என்ற சுருதி ஒலிக்குமாம். அடுத்த அறைக்குள் எட்டிப் பார்த்தேன். அங்கே நின்றது, 1915இல் அவருடைய ஐம்பதாம் பிறந்தநாளுக்கு நண்பர்கள் பணம் சேர்த்துப் பரிசளித்த பெரிய ஸ்டைன்வே. குறுக்குக் கம்பிதான்! என் கொள்கை வாசற்படியிலேயே செத்தது.

ஆனால் அங்கேயே சற்று நேரம் நின்று யோசித்தேன். மரச்சுவர், தாழ்ந்த கூரை, நாலு பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் இடம். ஆயிரம் பேர் அரங்கின் கடைசி வரிசைக்கு எட்ட வேண்டும் என்ற கட்டாயம் அந்தப் பியானோவுக்கு இல்லை. கச்சேரியில் நான் எராரின் குணம் என்று எடுத்துக்கொண்டதில் பாதி, அந்தச் சின்ன அரங்கின் குணமாகவும் இருக்கலாம்.

ஆகவே பின்புறத்து அறையிலேயே வை. கூடத்தில் வைத்தால் வருகிறவர்களெல்லாம் பலமாக வாசிக்கச் சொல்வார்கள். புத்தக அலமாரி இருக்கும் சுவரோரம் கிடைத்தால் இன்னும் நல்லது. ஜன்னல் வெயில் மட்டும் மேலே படாமல் பார்த்துக்கொள். நம் பழைய இசை நோட்டுப் புத்தகம் உன்னிடம்தானே இருக்கிறது? அந்தப் பென்சில் எழுத்தை அழித்துவிட்டு ஒரு தடவை வாசித்துப் பார்த்து எழுது. வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சங்கரன்